பட்டமும் நிலமும்: அயர்லாந்தின் பிரபுப் பட்டங்கள் குறித்து ஒரு நோக்கு

பிரபுக் குடும்பங்களின் பட்டங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வம்சாவளி அட்டவணைகளாகவே அமைந்துள்ளன. எந்த ஆண்டில் எந்தப் பட்டம் உண்டாக்கப்பட்டது, அது எந்த மகனைச் சென்றடைந்தது, எந்தத் தலைமுறையில் ஆண் வாரிசின்றி அற்றுப்போயிற்று என்பனவே அவற்றின் விடயங்கள். இவ்வகை நூல்கள் பயனற்றவை என நாம் கூறவில்லை. ஆயினும், பட்டத்தைக் குடும்பத்தின் அணிகலனாக மட்டும் காண்போருக்கு, அது நிலத்தோடும் அந்நிலத்தில் உழைத்தோரோடும் கொண்டிருந்த தொடர்பு புலப்படுவதில்லை. இங்கிலாந்தின் வரலாற்றை மாத்திரம் நோக்குவோருக்கு அத்தொடர்பைக் காண்பது மேலும் கடினமாகும். அங்கே நோர்மானியர் காலந்தொட்டுப் பட்டமும் நிலவுரிமையும் தலைமகன் வழியுரிமையும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தமையால், அவை இயற்கையாகவே ஒன்றுபட்டவை போலத் தோற்றமளிக்கின்றன. அயர்லாந்தின் நிலைமை வேறு. தனக்கென வேறொரு தலைமையுரிமை முறையைக் கொண்டிருந்த ஒரு சமுதாயத்தின் மீது, 16ஆம் நூற்றாண்டில், ஆங்கிலப் பட்டமுறை வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தப்பட்டது. பட்டம் என்பது உண்மையில் என்ன செய்தது என்பதை அறிய விரும்புவோர் அங்குதான் நோக்குதல் வேண்டும்.

கில்டெயார், ஓர்மொண்ட், டெஸ்மொண்ட் ஆகிய ஏர்ல் பட்டங்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே அயர்லாந்தில் உண்டாக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை படையெடுத்து வந்து குடியேறிய நோர்மானியக் குடும்பங்களுக்குரியவை. ஈண்டு நாம் ஆராய முற்படுவது பழைய கேலிக் குலத்தலைவர்களுக்கு அளிக்கப்பட்ட பட்டங்களையே.

கேலிக் அயர்லாந்தில் தலைமை தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குத் தானாகச் செல்லவில்லை. பொதுவான ஒரு பாட்டனின் தந்தை வழியில் வந்த ஆண்கள் அனைவரும் 'தெர்பினே' எனப்படும் ஓர் உறவுக் குழுவினர். அக்குழுவினருள் தகுதியுடைய எவரும் தலைவராகத் தெரியப்படலாம். தலைவர் உயிரோடிருக்கும்போதே அவருக்கு அடுத்தவராக ஒருவரைத் தெரிந்து வைப்பதும் உண்டு. அவர் 'தானிஷ்டே' எனப்பட்டார். இதனை அடியொற்றியே ஆங்கிலச் சட்டவறிஞர் இம்முறைக்குத் 'தானிஸ்ட்ரி' எனப் பெயரிட்டனர். அல்ஸ்ரரின் வலிமை வாய்ந்த குலமாகிய ஓநீல்களின் தலைவர் துல்லாஹோக் என்னும் மேட்டில் இருந்த கல்லிருக்கையில் அமர்த்தப்பட்டுத் தலைமை ஏற்றார். அச்சடங்கை நடத்தும் உரிமை ஓகஹான், ஓஹேகன் என்னும் கீழ்நிலைக் குலத்தவருக்கு இருந்தது. தலைவருக்குத் தனிப்பட்டம் எதுவும் இல்லை. குலத்தின் பெயரே அவரது பட்டமாயிற்று. 'ஓநீல்' என்று மட்டும் அழைக்கப்படுவதே அவருக்குரிய அதியுயர்ந்த சிறப்பாகும்.

இம்முறையைப் பொற்காலமாக வருணிக்கும் போக்கு முற்போக்காளரிடையே உண்டு. ஜேம்ஸ் கொனலி 1910 இல் வெளியிட்ட 'ஐரிஷ் வரலாற்றில் தொழிலாளர்' என்னும் நூலில், ஆங்கில வெற்றிக்கு முன்னர் நிலம் மக்களின் பொதுவுடைமையாக இருந்தது என்னும் கருத்தை முன்வைத்தார். கொனலியின் அரசியல் நோக்கத்தை நாம் மதிக்கின்றோம். எனினும் அக்கருத்தை அவ்வாறே ஏற்பதற்கில்லை. நிலம் உறவுக் குழுவிற்கு உரியதாக இருந்ததேயன்றி, உழுதவர் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. தலைவர் தம் படையினரை உழவர் வீடுகளில் தங்கவைத்து உணவு பெறும் வழக்கம் பெருஞ்சுமையாக இருந்தது. தலைமைக்கான போட்டியில் உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கொன்றமைக்கும் சான்றுகள் பல. ஆயினும் ஒன்று மட்டும் உறுதி: தலைவர் குலநிலத்தின் உடைமையாளர் அல்லர். தலைமைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் பயனை அவர் தம் வாழ்நாளில் நுகரலாம். குலம் முழுவதற்குமுரிய நிலத்தை விற்கவோ இழக்கவோ அவருக்கு உரிமையில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வுண்மை இன்றியமையாதது.

1541 இல் டப்ளினிற் கூடிய பாராளுமன்றம் எட்டாம் ஹென்றியை அயர்லாந்தின் அரசனாக அறிவித்தது. அதனையடுத்து, அரசப் பிரதிநிதியாகிய சேர் அந்தனி சென்ற் லெஜர் 'ஒப்படைத்து மீளப்பெறல்' எனப்படும் கொள்கையைச் செயற்படுத்தினார். குலத்தலைவர் தமது நிலத்தை அரசனிடம் ஒப்படைப்பார். அரசன் அதே நிலத்தைச் சாசனத்தின் மூலம் அவருக்கே திருப்பியளிப்பான். கூடவே ஓர் ஆங்கிலப் பட்டமும் கிடைக்கும். வாளெடுக்காமலே நாட்டை வசப்படுத்தும் வழி என இது பாராட்டப்பட்டது. குலத்தலைவர் தமக்கு உரிமையில்லாத ஒன்றை ஒப்படைத்து, அதனையே தமக்கும் தம் மகன் வழிக்கும் உரிய சொத்தாகத் திரும்பப் பெற்றார். கொடுக்கும்போது குலத்துடையதாக இருந்த நிலம் திரும்பி வரும்போது ஒரு குடும்பத்துடையதாகிவிட்டது. எஞ்சிய உறவினர் எவரிடமும் எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

தொடக்கத்தில் இரு முறைகளுக்குமிடையே சமரசம் காணவும் முயன்றனர். 1543 இல் மறோ ஓபிரையன் தொமொண்டின் ஏர்ல் ஆக்கப்பட்டபோது, அப்பட்டம் அவரது வாழ்நாளுக்கு மட்டுமே உரியதென்றும், அவருக்குப் பின் அவரது மகனையன்றித் தமையன் மகனாகிய டொனகா ஓபிரையனையே சேரும் என்றும் சாசனம் கூறிற்று. ஆங்கிலச் சாசனத்தின் உள்ளே ஐரிஷ் மரபு ஒளிந்திருந்தது எனலாம். மறோவின் சொந்த வழியினருக்கு இஞ்சிகுயின் பரன் பட்டம் வழங்கப்பட்டது. ஓபிரையன்கள் இதனால் ஓரளவு தப்பிப் பிழைத்தனர்.

ஓநீல்களின் நிலை அவ்வாறன்று. கொன் பாக்கா ஓநீல் 1542 ஒக்ரோபரில் கிறீனிச்சிற்குச் சென்று, ஹென்றியின் கையால் டைரோனின் முதலாம் ஏர்ல் ஆனார். ஆங்கிலம் அறியாத அவர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே நன்றி கூறினார். சாசனம் அவரது வாரிசாக மத்தியூ என்பவரைக் குறித்து, டங்கனன் பரன் என்னும் பட்டத்தையும் அவருக்கு வழங்கியது. இந்த மத்தியூ, டண்டோக் நகரத்துக் கொல்லர் ஒருவரின் மகனாகவே வளர்ந்தவர். பின்னரே கொன் அவரைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். கேலிக் வழக்கில் இது தடையன்று. தந்தை ஏற்றுக்கொண்டால் மகன்தான். ஆனால் ஆங்கிலச் சட்டத்தில் மணவாழ்விற் பிறந்த மூத்த மகனே வாரிசு. தலைமகன் வழியுரிமையைப் புகுத்த வந்த சாசனம், தனது சொந்த விதியின்படியே ஐயத்துக்குரிய ஒருவரை வாரிசாக்கிய விசித்திரத்தை நாம் இங்குக் காண்கின்றோம்.

மணவாழ்விற் பிறந்த ஷேன் ஓநீல் இதனை ஏற்கவில்லை. 1558 இல் மத்தியூ கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கொன்னும் இறந்தார். ஷேன் 'ஓநீல்' ஆகத் தெரியப்பட்டார். 1562 சனவரியில் அவர் கோடரி ஏந்திய தம் வீரர்களுடன் இலண்டன் சென்று எலிசபெத் அரசியின் முன் தமது வழக்கை எடுத்துரைத்தார். அவரது வாதம் இருமுனையுடையது. தாம் குலத்தாரால் தெரியப்பட்டவர் என்பது ஒன்று. மத்தியூ கொல்லனின் மகன், தாமே முறைப்படி பிறந்தவர் என்பது மற்றொன்று. தந்தைக்கு வாழ்நாள் உரிமை மட்டுமே இருந்தமையால் அவர் எதனையும் ஒப்படைத்திருக்க முடியாது என்றும் அவர் தரப்பில் வாதிக்கப்பட்டது. சட்டவறிஞர்களால் இதற்கு நேரான விடை கூற இயலவில்லை என்றே நாம் கருதுகின்றோம். விடை வேறு வகையில் வந்தது. 1567 இல் ஷேன் மக்டொனல்களாற் கொல்லப்பட்டார். அவரது தலை டப்ளின் கோட்டையில் வைக்கப்பட்டது. 1569 இல் பாராளுமன்றம் இறந்துபோன ஷேனைத் துரோகியாக அறிவித்ததுடன், 'ஓநீல்' என்னும் பெயரையே ஒழிப்பதாகவும் சட்டம் இயற்றியது. ஒரு பெயருக்கு எதிராகச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது என்பதே அப்பெயரின் வலிமைக்குச் சான்றாகும்.

மத்தியூவின் மகன் ஹியூ ஓநீல் இரு உலகங்களையும் அறிந்தவர். டப்ளினைச் சூழ்ந்த ஆங்கிலேயப் பகுதியில் வளர்ந்த அவர் 1580களில் டைரோன் ஏர்லாக ஏற்கப்பட்டார். 1595 இல் தடைசெய்யப்பட்ட 'ஓநீல்' பெயரையும் சூடிக்கொண்டார். ஒன்பதாண்டுப் போர் என வழங்கும் போரில் அவர் ஆங்கில ஆட்சியை அசைத்தமையும், 1601 இல் கின்சேலில் தோற்றமையும் பலரும் அறிந்தவை. 1602 இல் மவுண்ட்ஜோய் பிரபு துல்லாஹோக்கின் கல்லிருக்கையை உடைத்தெறிந்தார். 1603 மார்ச் இறுதியில் மெல்லிபொண்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஹியூ 'ஓநீல்' என்னும் பெயரைத் துறந்தார். ஏர்ல் பட்டமும் சாசன நிலமும் அவரிடமே விடப்பட்டன. எலிசபெத் சில நாட்களுக்கு முன்னரே இறந்துவிட்டமை அவருக்கு மறைக்கப்பட்டிருந்தது.

தேசியவாத வரலாற்றாசிரியர் பலர் விரைந்து கடந்துவிடும் பகுதி இதன்பின் வருகிறது. தோற்ற ஹியூ, தம்மிடம் எஞ்சியிருந்த ஆங்கிலச் சாசனத்தையே ஆயுதமாகக் கொண்டு, கீழ்நிலைத் தலைவர்களின் நிலத்தையும் தமது தனியுடைமையெனக் கோரினார். அவ்வாறு நெருக்கப்பட்டவருள் முதன்மையானவர் டொனல் ஓகஹான். ஓநீலை அரியணை ஏற்றும் உரிமை பெற்ற அதே குலத்தின் தலைவர். அரசின் சட்டமா அதிபரும் கவிஞருமாகிய சேர் ஜோன் டேவிஸ், ஓகஹானின் பக்கம் நின்று வாதாடினார். ஓகஹானின் நிலம் ஓகஹானுக்கே உரியது, ஏர்லின் சாசனம் அதனைக் கட்டுப்படுத்தாது என்பதே அப்போதைய அரச தரப்பின் நிலைப்பாடு.

வழக்கு இலண்டனுக்கு மாற்றப்பட்டிருந்த வேளையில், 1607 செப்டெம்பரில், டைரோன், டிர்கொனல் ஏர்ல்கள் இருவரும் ஏறத்தாழ நூறு பேருடன் ரத்முல்லனிற் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டனர். உடனே அரசின் வாதம் தலைகீழாயிற்று. ஏர்ல்கள் துரோகிகள், துரோகியின் சொத்து அரசுக்குரியது, சாசனத்தின்படி நிலம் முழுவதும் ஏர்ல்களின் சொத்து, ஆகவே நிலம் முழுவதும் அரசுக்குரியது. குலத்தலைவர் ஒருவர் ஓடிப்போயிருப்பின் குலம் வேறொருவரைத் தெரிந்திருக்கும். நிலம் இருந்தபடியே இருந்திருக்கும். ஏர்ல் ஓடிப்போனமையால் அவரோடு நிலமும் போயிற்று. கொன் பாக்கா 1542 இல் பெருமையோடு பெற்றுவந்த சாசனத்தின் முழுப்பொருள் 65 ஆண்டுகளின் பின்னரே வெளிப்பட்டது. அர்மா, கவன், கொலறெயின், டொனகல், பெர்மனா, டைரோன் ஆகிய ஆறு மாவட்டங்கள் குடியேற்றத் திட்டத்துக்கு உள்ளாயின. ஓகஹான் விசாரணை எதுவுமின்றி இலண்டன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். அவரது நாடாகிய கொலறெயின் இலண்டன் வணிகக் குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு, 1613 இல் லண்டன்டெரி எனப் பெயர் மாற்றப்பட்டது.

இதே வேளையில் நீதிமன்றமும் தன் பங்கைச் செய்தது. கோர்க் பகுதியில் ஓகலகான் குலத்தவரின் நிலம் பற்றி எழுந்த 'தானிஸ்ட்ரி வழக்கு' 1608 இல் முடிவுற்றது. தலைவர் இறந்ததும் நிலம் யாரைச் சேரும் என்பது தெரிவின்மீது தங்கியிருப்பதால் அவ்வழக்கம் உறுதியற்றது, நியாயமற்றது, ஆகவே செல்லாது என்று தீர்க்கப்பட்டது. எந்த வாரிசு என்பது பிறப்பிலேயே உறுதியாகவேண்டும் என்பதே நியாயத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டமை நோக்கத்தக்கது. டேவிஸ் இத்தீர்ப்பைத் தமது அறிக்கைத் தொகுதியிற் பதிவுசெய்தார்.

குடியேற்றத்தைக் காக்கப் படை வேண்டும். படைக்குப் பணம் வேண்டும். 1611 மே மாதத்தில் முதலாம் ஜேம்ஸ் 'பரோனெட்' என்னும் புதிய பரம்பரைப் பட்டத்தை உருவாக்கினான். அதன் விலை 1,095 பவுண். நாளொன்றுக்கு 8 பென்ஸ் வீதம் 30 படைவீரரை அல்ஸ்ரரில் மூன்றாண்டு பேணுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் இதே தொகை வரும். பரம்பரைக் கௌரவம் இத்துணைத் துல்லியமாகக் கணக்கிடப்பட்ட வேறோர் எடுத்துக்காட்டை நாம் அறியோம். அப்பட்டத்தினர் தம் கேடயத்திற் பொறித்த அல்ஸ்ரரின் செங்கையோ ஓநீல்களின் முத்திரைகளில் இடம்பெற்ற சின்னம்.

இப்பட்டம் எமது தீவையும் வந்து தொட்டது. விக்லோ மாவட்டத்திற் பிறந்த றொபேட் பிரவுண்றிக், 1815 இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய தேசாதிபதி. மறு ஆண்டே அவர் பரோனெட் ஆக்கப்பட்டார். 1822 இல் கண்டி மன்னனின் முடி, செங்கோல், கொடி ஆகியவற்றையும் தமது குடும்பச் சின்னத்தில் பொறிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது.

அயர்லாந்தின் பிரபுப் பட்டங்கள் பின்னர் அயர்லாந்தோடு தொடர்பற்றவருக்கும் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர் பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் தொடர்ந்து அமரலாம் என்பது ஒரு வசதி. வங்காளத்துப் பிளாசிப் போர்க்களத்தின் பெயரால் றொபேட் கிளைவ் 1762 இல் ஐரிஷ் பரன் ஆனமையும், இந்தியாவுக்கு அரசப் பிரதிநிதியாகப் புறப்பட்ட கேர்சன் 1898 இல் அதேவகைப் பட்டம் பெற்றமையும் இவ்வகையின. கேர்சனுடையதே கடைசி ஐரிஷ் பிரபுப் பட்டம். 1800 இன் ஒன்றிணைப்புச் சட்டப்படி 28 ஐரிஷ் பிரபுக்கள் வாழ்நாட் பிரதிநிதிகளாகப் பிரபுக்கள் சபைக்குத் தெரியப்பட்டனர். 1922 இன் பின் அத்தெரிவு நடைபெறவில்லை. எஞ்சியவருள் இறுதியானவர் 1961 இல் மறைந்தார்.

1937 இன் ஐரிஷ் அரசியலமைப்பின் 40ஆவது உறுப்புரை, அரசு பிரபுப் பட்டம் எதனையும் வழங்கலாகாது என விதிக்கின்றது. பழைய குலத்தலைவர்களின் வழித்தோன்றல்களை 1940கள் முதல் அரசின் வம்சாவளி அலுவலகம் மரியாதைக்காக அங்கீகரித்து வந்தது. அவ்வங்கீகாரமும் மூத்த மகன் வழியையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. 1608 இன் தீர்ப்பு அங்கேயும் வென்றிருந்தது. அம்முறை 2003 இற் கைவிடப்பட்டது. 'தானிஷ்டே' என்னும் சொல் மட்டும் 1937 இன் அரசியலமைப்பில் மீண்டும் இடம்பெற்றது. பிரதிப் பிரதமரின் பதவிப்பெயர் அது.