பொய்ச்சாட்சி: ஓட்ஸும் மெக்காலேயும்

டைட்டஸ் ஓட்ஸை நான் முதலில் சந்தித்தது பி.ஏ. இரண்டாம் வருஷத்தில், மெக்காலேயின் இங்கிலாந்து சரித்திரத்தில். 1685 மே மாதம். ஆல்ட்கேட்டிலிருந்து நியூகேட் வரை கசையடி. ஒரு நாள் விட்டு, நியூகேட்டிலிருந்து டைபர்ன் வரை மறுபடியும். இதற்கு மேல் அபராதம், ஆயுள் சிறை, சாகும்வரை வருஷம் ஐந்து தடவை கழுத்தையும் கைகளையும் பலகையில் பூட்டி ஜனங்கள் முன் நிறுத்துவது. எல்லாம் பொய்ச்சாட்சி சொன்னதற்கு. அவன் வாயால் செத்தவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. அப்படியானால் ஏன் தூக்கில் போடவில்லை என்பது அன்றைக்கே எனக்கு உறுத்தியது.

போட வழியில்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் பொய்ச்சாட்சி உயிர் போகிற குற்றமல்ல. 1563 சட்டப்படி 20 பவுன் அபராதம், ஆறு மாதச் சிறை. பவுன் இல்லாதவனுக்கு இரண்டு காதுகளையும் பலகையில் வைத்து ஆணியடிப்பார்கள். (கௌண்ட்டரில் உட்காருகிறவனுக்கு இந்த மாற்று விகிதம் மறக்காது. காது ஒன்றுக்குப் பத்துப் பவுன்.) ஜெஃப்ரிஸ் தலைமையில் இருந்த நீதிபதிகள் கயிற்றால் முடியாததைக் கசையால் செய்யப் பார்த்தார்கள்.

ஆனால் விஷயம் அங்கே இல்லை. கத்தோலிக்கர்கள் இரண்டாம் சார்லஸைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று ஓட்ஸ் 1678இல் பிரமாணம் செய்தான். அந்த வருஷம் ஏப்ரல் 24ஆம் தேதி லண்டனில் ஒரு மதுக்கடையில் ஏசு சபைக்காரர்கள் கூடியபோது தானும் இருந்ததாகச் சொன்னான். உண்மையில் அன்று அவன் கடலுக்கு அப்பால் ஸான்த் ஓமேரில், அவர்கள் கல்லூரியில் இருந்தான். அங்கே படித்தவர்கள் 1679இல் லண்டனுக்கு வந்து இதைச் சொல்லவும் செய்தார்கள். யாரும் நம்பவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்ற ஐந்து பாதிரிகளும் தூக்கிலிடப்பட்டார்கள். ராஜத்துரோக வழக்கில் எதிரியின் சாட்சிகளுக்குப் பிரமாணம் செய்யும் உரிமையே அப்போது கிடையாது. அது 1696இல்தான் வந்தது. ஆக, உண்மையைச் சொன்னவர்கள் பிரமாணம் இல்லாமல் சொன்னார்கள். பொய் சொன்னவன் வேதபுத்தகத்தின் மேல் சொன்னான். 1685இல் அதே ஸான்த் ஓமேர் சாட்சியம் அரசு தரப்பிலிருந்து, பிரமாணத்தோடு வந்தது. நம்பப்பட்டது. நடுவில் மாறியது சிம்மாசனம்: இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். 1689இல் அது மறுபடி மாறியதும் ஓட்ஸுக்கு மன்னிப்பும் பென்ஷனும் கிடைத்தன.

இந்தச் சரித்திரத்தை மெக்காலே அச்சிட்டது 1848இல். பதினொரு வருஷம் முன்னால், 1837இல், இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவு அவர் தலைமையில் தயாராகிவிட்டது. 1860இல் அது சட்டமானபோது அவர் உயிரோடில்லை. அதன் 194ஆம் பிரிவு: பொய்ச்சாட்சியால் நிரபராதி ஒருவன் தூக்கிலிடப்பட்டால், அதை விரும்பிச் சாட்சி சொன்னவனையும் தூக்கிலிடலாம். இங்கிலாந்தில் ஓட்ஸுக்குக் கிடைக்காத கயிறு நமக்குக் கிடைத்தது. 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தில் 230ஆம் பிரிவு. எண் மாறியது, கயிறு அப்படியே.

எனக்கு அதைவிட 191ஆம் பிரிவுதான் முக்கியம். சட்டத்துக்கு உதாரணக் கதை சேர்ப்பது மெக்காலேயின் முறை. ஏ, இஸட் என்ற இரண்டு பேர். இஸட்டின் கையெழுத்து என்று ஏ உண்மையாகவே நம்பிச் சொல்கிறான். கையெழுத்து இஸட்டுடையது அல்ல. ஏ பொய்ச்சாட்சி சொல்லவில்லை. நம்பாமல் சொன்னால் குற்றம். தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னாலும் குற்றம். சட்டம் காகிதத்தைப் பார்க்கவில்லை, சொல்கிறவனின் மனசைப் பார்க்கிறது. வர்ணனையோ பெயரோ இல்லாத இந்த நாலு வரி, நம் சிறுகதைகள் பலவற்றைவிட மேல் என்று நினைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கடன் வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். கடவுளைச் சாட்சியாக வைத்து ஆரம்பித்தேன். பத்திரத்தைக் காட்டி, இவர் உங்கள் முன்னால்தானே கையெழுத்துப் போட்டார் என்று வக்கீல் கேட்டார். அன்று கௌண்ட்டரில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். எனக்கு அந்த முகம் ஞாபகமே இல்லை. ஆமாம் என்றேன். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை இல்லை என்றது. தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கையெழுத்து அவருடையதுதான் என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டாராம். 191ஆம் பிரிவின்படி அது கணக்கில் சேராது.

கூண்டிலிருந்து இறங்கியதும் சாட்சிப்படிக்கு ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள். அதைப் போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.