சன்மார்க்க சங்கமும் துயர் நீக்கமும்: வடலூர் ஆடவர் கூட்டுறவு பற்றிய ஓர் ஆய்வு

சிதம்பரம் இராமலிங்க அடிகளார் (1823–1874) நிறுவிய சன்மார்க்க சங்கத்தைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவருள் ஒரு சாரார் அதனைச் சமயக் கொள்கை வளர்ச்சியின் ஒரு படியாகக் கொண்டனர்; மற்றொரு சாரார் சமுதாயச் சீர்திருத்த இயக்கமாகக் கொண்டனர். இவ்விரு நோக்கும் பொருந்துவனவே. எனினும், நோயும் பசியும் பிரிவும் உற்ற மனிதர் ஒருவரையொருவர் தாங்கி நிற்பதற்கு அமைந்த கூட்டுறவு என்னும் நிலையில் அச்சங்கம் போதிய அளவு ஆராயப்படவில்லை. அக்குறையை ஒருவாறு நீக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடியார் கூட்டுறவு தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சேக்கிழார் திருக்கூட்டத்தின் சிறப்பை விரித்துரைத்தார். மாணிக்கவாசகர் அடியார் நடுவிருக்கும் பேற்றினை விழைந்து பாடினார். மெய்கண்டாரின் சிவஞான போதம் தன் இறுதி நூற்பாவில், மெய்யுணர்ந்தோர் அன்பரொடு கூடியிருத்தலை விதித்தது. ஆயின் இக்கூட்டங்கட்கெல்லாம் திருநீறும் கண்டிகையும் அடையாளமாயின, தீக்கை வாயிலாயிற்று. அடையாளத்தாலன்றி இரக்கத்தால் ஒன்றுபட்டதொரு கூட்டத்தை அமைக்க இயலுமா என்பதே அடிகளார் எடுத்துக்கொண்ட வினா என்க.

சென்னை வாழ்க்கையை விடுத்துத் தில்லைப் பகுதிக்கு வந்த அடிகளார், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் பல்லாண்டு தங்கினார். இவ்வூர் இன்றைய குறிஞ்சிப்பாடி வட்டத்து வடலூரை அடுத்துள்ளது. சங்கம் 1865ஆம் ஆண்டில் தோன்றியது என்பது சன்மார்க்க மரபினர் கொள்கை. அடிகளாரின் முதன் மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியாரோ, 1882ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையார்க்கு அளித்த ஆங்கில வாக்குமூலத்தில் 1867ஆம் ஆண்டைக் குறித்தார். இம்முரண்பாட்டை எளிதில் தள்ளுதல் தகாது. 1867 என்பது வடலூரில் தருமச்சாலை தொடங்கிய ஆண்டு; திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறிய ஆண்டும் அதுவே. கருங்குழியில் சிலர் கூடிப் பழகிய கூட்டுறவு, சாலை எழுந்த பின்னரே ஊரறிந்த அமைப்பாயிற்று ஆகலின், வேலாயுதனார் நினைவில் அவ்வாண்டே நிலைத்திருக்கலாம் என்பது எம் கருத்து.

அந்நாளைய சங்கத்தார் எனப் பெயர் அறியப்படுவோர் பெரும்பாலும் ஆடவரே. தொழுவூர் வேலாயுத முதலியார், இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை செல்வராய முதலியார், வேங்கட ரெட்டியார், கல்பட்டு ஐயா ஆகியோர் அவருள் சிலர். இவருள் புலவரும் உண்டு, இல்லறத்தாரும் உண்டு, துறவு நெறி நின்றாரும் உண்டு. மகளிர்க்கு இடமில்லை என்பது அடிகளாரின் கொள்கையன்று. ஆயினும் ஏடுகளில் நிலைபெற்ற பெயர்கள் ஆடவர் பெயர்களாகவே உள்ளன. கருங்குழி இல்லத்து முத்தியாலம்மையாரின் பெயர், தண்ணீரால் விளக்கெரிந்தது என வழங்கும் நிகழ்ச்சியோடு மட்டும் இணைந்து நிற்கின்றது. அவ்வில்லத்தில் அடிகளார் தங்கிய ஆண்டுகளெல்லாம் உணவளித்த கை எவருடையது என்பதைச் சங்க வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

இவ்வாடவர் தம்முள் எவ்வாறு பழகினர்? இதற்குச் சிறந்த சான்று அடிகளாரின் திருமுகங்களாகும். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பித்த தொகுதிகளால் அவை நமக்குக் கிடைத்தன. இரத்தின முதலியார்க்கு எழுதப்பட்டவை அவற்றுள் மிகுதி. பாடல்களை அச்சிட விரும்பிய முதலியார், ஏடுகள் வந்து சேரும் வரை நாள்தோறும் ஒருபொழுதே உண்பதென உறுதிபூண்டார். அதனைப் பொறாத அடிகளார் அவ்வுறுதியை விடுமாறு வேண்டி எழுதினார். பாடல்களை வெளியிட இசையாதிருந்தவர் இசைந்ததற்கு நண்பரின் பட்டினியே காரணமாயிற்று. திருவருட்பாப் பதிப்பு வரலாற்றில் இச்செய்தி ஒரு சுவையான துணுக்காகவே எடுத்துரைக்கப்படுகின்றது. எம் நோக்கில் அது சங்கத்தின் உட்பொருளையே காட்டுவது. ஆசிரியர்க்கு மாணாக்கனின் உடல்நலம் தம் கொள்கையினும் பெரிதாயிற்று.

உடல் ஓம்பலுக்கு அடிகளார் அளித்த இடமும் ஈண்டுக் கருதற்பாலது. நித்திய கரும விதியில், வைகறைத் துயிலெழுதல் முதல் இரவு உறங்கும் வரை செய்வனவற்றை முறைப்படுத்தினார். மூலிகைகளின் குணங்களை அட்டவணையாக்கினார். கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலியவற்றின் பயனை அன்பர்க்கு அறிவுறுத்தினார். மருத்துவம் வேறு, வழிபாடு வேறு என்னும் பிரிவினை அவரிடம் இல்லை.

இக்கருத்திற்கு நூல்வடிவம் தந்தது சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல். உயிர்கட்கு வரும் இடையூறுகளைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக அந்நூல் வகுத்தது. அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குதலே தலையாயது என முடிவு செய்தது. ஒருவன் தன் துயரை மட்டும் ஆற்றிக்கொள்ளுதல் அந்நூலின் நெறியன்று. பிறர் துயர் நீக்குவதனாலேயே அருள் விளங்கும் என்பது அதன் துணிபு. சென்னை மாகாணத்தின் பல பகுதிகளை 1866ஆம் ஆண்டுப் பஞ்சம் வருத்தியதனை இதனோடு இணைத்துக் காணல் வேண்டும். வடலூர் மக்கள் அளித்த நிலத்தில் 23-5-1867 அன்று தருமச்சாலை தொடங்கப் பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்பட்டு வருகின்றது.

துயர் நீக்கத்தின் மற்றொரு கூறு இறப்பைப் பற்றியது. 1871ஆம் ஆண்டில் அடிகளார் விடுத்த சமாதி வற்புறுத்தல் என்னும் கட்டளை ஆராய்ச்சியாளரால் நுணுகி நோக்கத்தக்கது. இறந்தோரை எரித்தலை விலக்கிப் புதைக்குமாறு அது கூறிற்று. கணவனை இழந்தாள் தாலி களைதலை விலக்கிற்று; மனைவியை இழந்தான் மறுமணத்திற்கு முயல்வதையும் விலக்கிற்று. கருமச் சடங்குகளை விடுத்து, ஒரு நாளில் வந்தார்க்கு அன்னம் அளிக்குமாறு பணித்தது. இங்கு இரண்டு செய்திகள் புலனாகின்றன. இழப்பின் சுமையை மகளிர் மேல் மட்டும் ஏற்றும் வழக்கத்தை அடிகளார் ஏற்றிலர். ஆடவனுக்கும் அதன் பங்கை வகுத்தார். சடங்கிற்குரிய இடத்தில் பசியாற்றுதலை வைத்தமையால், தனிமனிதன் துயரம் பலர்க்குப் பயன்படும் செயலாக மாறிற்று. கட்டளை கடுமையுடையது என்பதில் ஐயமில்லை. அழுகையை விலக்கும் நெறி எத்தனை உள்ளங்களுக்கு ஆறுதலாயிற்று, எத்தனைக்குச் சுமையாயிற்று என்னும் வினா எழுதல் இயல்பே.

சங்கத்தின் பெயரும் வளர்ந்தது. சமரச வேத சன்மார்க்க சங்கம் எனப் பெற்றது, 1872ஆம் ஆண்டில் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. வேதம் என்னும் சொல் நீங்கியது குறிப்பிடத்தக்கது. சென்னையில் 1864ஆம் ஆண்டில் வேத சமாஜம் தோன்றியிருந்ததனை நினைவு கூர்வோர்க்கு, முதற்பெயரில் அக்காலச் சாயல் உண்டு என்பதும், பின்னைப் பெயரில் அச்சாயல் நீங்கியது என்பதும் விளங்கும்.

மொழிநடையிலும் ஒரு சான்று உளது. 1872ஆம் ஆண்டில் எழுந்த அருட்பெருஞ்சோதி அகவல் 1596 அடிகளையுடையது; அது தன்மை ஒருமையில் நடப்பது. சுத்த சன்மார்க்க சத்தியச் சிறு விண்ணப்பமோ தன்மைப் பன்மையில், ‘எங்கள்’ என்றே வேண்டுகின்றது. சமயம், மதம், வருணம், ஆசிரமம் முதலிய பற்றுகள் நீங்கி, ஆன்மநேய ஒருமைப்பாட்டுரிமை தளராதிருத்தலே அவ்வேண்டுதலின் சாரம். அகவல் ஒருவரின் அனுபவம். விண்ணப்பம் ஒரு கூட்டத்தின் குரல்.

இத்தகைய சங்கம் அதன் நிறுவுநர் வாழ்நாளிலேயே தளர்வுற்றது. 25-1-1872 அன்று வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபை, அவர் வகுத்த விதிப்படி நடவாமையால் பூட்டப்பட்டது. பன்னிரண்டு வயதிற்கு உட்பட்டோரும் எழுபத்திரண்டு வயதிற்கு மேற்பட்டோருமே விளக்கேற்றல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. உடனிருந்தோர் தம் கருத்தை உணரவில்லை என அடிகளார் வருந்தியதை வேலாயுதனார் வாக்குமூலமும் பதிவு செய்துள்ளது. எனினும் பிரம்மஞான சபையின் வருகையை முன்னறிவித்தார் எனக் காட்டும் நோக்கம் அவ்வாக்குமூலத்தில் விரவியுள்ளது ஆதலின், அதனை எச்சரிக்கையுடன் கையாளுதல் வேண்டும்.

அத்தளர்ச்சியினிடையே நிகழ்ந்தது 22-10-1873 அன்று மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசம். அதில் அடிகளார், தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பற்று மிகப் பெரிது எனவும், தம் பாடல்களே அதற்குச் சான்று எனவும், அதனைத் தாம் விட்டமை எவ்வாறு எனவும் எடுத்துரைத்தார். கொள்கையை மேல்நின்று விதிக்கும் முறையன்று இது. தம் பழைய நிலையைக் கூட்டத்தின் நடுவே திறந்து காட்டிப் பிறரையும் அவ்வாறு ஆராயத் தூண்டுவது. 30-1-1874 அன்று அவர் சித்திவளாகத்து அறையுட் புகுந்தார். அதன்பின் எவரும் அவரைக் கண்டிலர்.

ஆகவே, சங்கம் தோல்வியுற்றதா எனின், இருவகையாக விடை கூறல் வேண்டும். சாதி சமயப் பற்றற்ற ஒரு சிறு கூட்டத்தை உருவாக்கும் முயற்சி, அவர் விரும்பிய அளவில் நிறைவேறவில்லை. ஆனால் அக்கூட்டத்தின் செயலாக விதிக்கப்பட்ட பசியாற்றுதல், கூட்டத்தைக் கடந்து நின்றது. உறுப்பினர் பெயர்கள் மறைந்தன. வருவோர் குலமும் சமயமும் வினவாது உணவளிக்கும் சாலை எஞ்சியது. தைப்பூசத்தன்று வடலூரில் திரளும் மக்களுள் சங்கத்து விதிகளை அறிந்தார் சிலரே ஆயினும், சாலையில் அமர்ந்து உண்ணாதார் மிகச் சிலர். திருமுகங்களையும் கட்டளைகளையும் காலமுறைப்படி ஒப்பிட்டு, இச்சங்கத்தாரின் நாள்வாழ்க்கையை வரைதல் இளம் ஆய்வாளர்க்கு உரிய பணியாகும். அப்பணியில், நிறுவியவரை மட்டுமன்றி, ஒருபொழுது உண்டு காத்திருந்த நண்பரையும், விளக்கருகே நின்ற முத்தியாலம்மையாரையும் ஒருங்கே காணுதல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.