22 காரட் நகை குற்றமாக இருந்த காலம்

நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களில் விசித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. பூமியைத் தோண்டும்போது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். இது வெள்ளைக்காரன் போட்டது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சுதந்திர இந்தியாவில் நாமே இயற்றி, ஒவ்வொரு வீட்டுப் பீரோவையும் தொட்ட சட்டம் ஒன்று உண்டு. அதுதான் தங்கக் கட்டுப்பாடு. எழுபதைக் கடந்த அங்கத்தினர்களுக்கு அது நினைவிருக்கும். இளையவர்களிடம், 22 காரட்டில் புது நகை செய்வது ஒரு காலத்தில் குற்றம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1962 அக்டோபரில் சீனா படையெடுத்தது. ராணுவத் தளவாடம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். கையிருப்போ மிகக் குறைவு. அரசு அந்த நவம்பரில் ஆறரை சதவிகித வட்டியில் தங்கப் பத்திரங்களை வெளியிட்டது. தேசபக்தியால் பலர் நகைகளைக் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு சங்கடம் இருந்தது. சர்வதேச விலைப்படி 10 கிராம் தங்கம் 53 ரூபாய் 58 பைசா. பம்பாய்ச் சந்தையில் விலை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். தங்க இறக்குமதிக்குத் தடை இருந்தது. கோலார், ஹட்டி சுரங்கங்களில் எடுத்தது நாட்டின் தேவைக்குப் போதவில்லை. எனவே கடல் வழியே கடத்தல் செழித்தது. அதற்கு ஈடாக நாட்டின் செலாவணி வெளியே போய்க்கொண்டிருந்தது.

நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கண்டுபிடித்த மருந்து, தங்க ஆசையையே குறைப்பது. 1963 ஜனவரியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு அமுலுக்கு வந்தது. நகை தவிர்த்த தங்கத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள 22 காரட் நகையை வைத்திருக்கவோ அணியவோ தடையில்லை.

கல்லூரியில் ரசாயனம் படித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கை விளக்குகிறேன். 24 காரட் என்பது சுத்தத் தங்கம். 14 காரட் என்றால் 24 பங்கில் 14 பங்கு, அதாவது 58.3 சதவிகிதம்தான் தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் கணக்கில் பார்த்தால் ஆறு மாற்றைச் சற்றே தாண்டும். செம்பு கூடினால் நிறம் சிவக்கும், உலோகம் கடினமாகும். மெல்லிய கம்பி இழுத்து, தகடு தட்டி நுணுக்க வேலை செய்வதற்கு 22 காரட்டின் மென்மை வேண்டும். வியர்வை பட்டால் 14 காரட் நகை நாளடைவில் மங்கவும் கூடும். மேல்நாட்டில் 14 காரட், 9 காரட் நகைகள் சகஜம். அங்கே நகை வெறும் அலங்காரம். இங்கே அது பெண்ணின் ஸ்ரீதனம், ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. அடகுக் கடைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் முகம் சுளிக்காத தங்கமாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு வைகாசியில் என் பெரிய அக்காவின் கல்யாணம். எனக்குப் பன்னிரண்டு வயது. பதினாலு காரட்டில் புது நகை செய்துபோட அம்மாவுக்கு மனசில்லை. பாட்டி தன் அட்டிகையையும் வளையல்களையும் கழற்றி, "இதை அழிக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம், அப்படியே போட்டுக்கட்டும்" என்று கொடுத்துவிட்டாள். எங்கள் பிரச்னை அதோடு தீர்ந்தது. எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நகை செய்த பத்தருக்குத் தீரவில்லை. கல்யாண சீசனில் இராப்பகலாக ஊதுகுழலும் கையுமாக இருப்பவர், அந்த வருஷம் திண்ணையில் உட்கார்ந்து, "வேறு ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கோ" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

நாடெங்கும் இதே கதைதான். வேறு தொழில் தெரியாத பொற்கொல்லர்கள் லட்சக்கணக்கில் பாதிக்கப்பட்டார்கள். வறுமை தாங்காமல் சிலர் தற்கொலை செய்துகொண்டதாகப் பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டது. மறுவாழ்வுக் கடன் போன்ற உதவிகளை அரசு அறிவித்தது. ஆனால் பட்டறையில் உட்கார்ந்து பழகிய கைக்குக் கடன் என்ன செய்யும்?

1963 ஆகஸ்டில் காமராஜ் திட்டத்தின்படி மொரார்ஜி பதவி விலகினார். அவர் இடத்துக்கு நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்தார். சில வாரங்களிலேயே விதி தளர்ந்தது. வாடிக்கைக்காரர் கொடுக்கும் பழைய நகையை, சான்றிதழ் பெற்ற பொற்கொல்லர் அதே தரத்தில் மாற்றிச் செய்து கொடுக்கலாம் என்றானது. 1966-ல் 14 காரட் வரம்பே கைவிடப்பட்டது.

ஆனால் கட்டுப்பாடு போகவில்லை. 1968-ல் அதுவே தனிச் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு சுப்ரீம் கோர்ட் சில பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியும், சட்டம் நிலைத்தது. குடும்பத்தில் 4,000 கிராமுக்கு மேல், அதாவது 500 சவரனுக்கு மேல் நகையிருந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தனி மனிதர் தங்கத்தைக் கட்டியாகவோ பிஸ்கட்டாகவோ வைத்திருக்கக் கூடாது. இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள்: பத்து சவரன் வளையல் பீரோவில் இருந்தால் குற்றமில்லை. அதையே உருக்கிக் கட்டியாக வைத்திருந்தால் குற்றம்!

கடத்தல் நின்றதா? சினிமாவைப் பார்த்தாலே பதில் தெரியும். 1975-ல் வந்த 'தீவார்' படத்தில் அமிதாப் பச்சனும், அதன் தமிழாக்கமான 1981-ன் 'தீ'யில் ரஜினிகாந்தும் ஏற்றது கடத்தல்காரன் வேடம். கடத்தல்காரனைக் கதாநாயகனாக ஜனங்கள் ஏற்கும் அளவுக்கு அந்தத் தொழில் பிரசித்தம். கடைசியில் 1990 ஜூனில் சட்டம் ரத்தாயிற்று. 1992 முதல் வெளிநாடுவாழ் இந்தியர் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்றார்கள். இருபத்தேழு வருஷக் கட்டுப்பாட்டால் தங்க ஆசை குறையவில்லை.

சட்டம் போனாலும் பயம் போகவில்லை. "கல்யாணமான பெண் 500 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் சட்ட விரோதமாமே?" என்று இன்றும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அது தவறு. வருமான வரித் துறை சோதனைக்கு வந்தால், கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், கல்யாணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகைகளைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994 மே 11-ல் நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு இட்ட உத்தரவு அது. குடும்ப அந்தஸ்து, வழக்கம் இவற்றைப் பார்த்து அதற்கு மேலும் விடலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. வந்த வழியைக் காட்ட முடிந்தால், பரம்பரை நகை உள்பட எவ்வளவு நகையும் வைத்திருக்கலாம் என்று 2016 டிசம்பரில் அரசே விளக்கியது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் யோசனை: வீட்டில் உள்ள நகைகளுக்கு ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். எது பாட்டியுடையது, எது பிறந்த வீட்டுச் சீர், எது பின்னால் வாங்கியது, சுமார் என்ன எடை என்று குறித்து, ரசீதுகளையும் உடன் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு சேதி. 2021 ஜூனில் ஹால்மார்க் முத்திரை கட்டாயமானபோது, 22, 18 காரட்டுடன் 14 காரட்டுக்கும் இடம் தந்தார்கள். அதற்கான எண் 585. 2025-ல் 9 காரட்டும் சேர்ந்தது. விலை ஏறிய ஏற்றத்தில், எங்கள் நாக்பூர் கடைகளில் இளம் பெண்கள் 14 காரட்டைத் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள். அன்று வேலை கேட்டு வந்த பத்தரின் பிள்ளை, தொழிலை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போய் வெகு காலம் ஆகிறது.