மருத்துவச்சிப் பணிக்கு இரு வாயில்கள்

மருத்துவச்சியாக விரும்பும் பெண் முதலில் தாதியாக இருந்திருத்தல் வேண்டுமா? இங்கிலாந்தில் நெடுங்காலம் ஓயாதிருந்த வினா இது.

1902ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் பேறு பார்க்கச் சட்டம் சான்று எதனையும் கேட்கவில்லை. தானும் பிள்ளை பெற்றவள், அண்டை வீட்டார் நம்பிக்கைக்குரியவள் என்பதே தகுதி. கணவனை இழந்தவளும், துணி வெளுத்துப் பிழைத்தவளும் நடுவயதில் இத்தொழிலுக்கு வந்து சேர்ந்தனர். அவ்வாண்டு இயற்றப்பட்ட மருத்துவச்சியர் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1905 ஏப்ரல் முதல் சான்றில்லாதவள் தன்னை மருத்துவச்சி எனக் கூறிக்கொள்ளலாகாது. 1910 ஏப்ரல் முதல், மருத்துவரின் மேற்பார்வையின்றிக் கூலிக்குப் பேறு பார்ப்பதை வழக்கமாகக் கொள்ளவும் ஆகாது.

ஆயின் பழைய மருத்துவச்சியரை ஒரே நாளில் விலக்கினால் ஏழைத் தாய்மாருக்குத் துணை யார்? எனவே, சட்டத்திற்கு முன்பே ஓராண்டேனும் தொழில் செய்தவர், நன்னடத்தை காட்டித் தேர்வின்றியே பதிவு பெறலாயினர். 1905இல் பதிவேட்டிலிருந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வழி வந்தவரே. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் கம்பத்துப் பிடான்களுக்கு இத்தகைய தனி இடம் அளித்தது. பயிற்சியற்றவரிடம் உயிரை ஒப்படைப்பதா என்ற அச்சம் நியாயமானதே. அதனாற்றான் பதிவுடன் கண்காணிப்பும் வந்தது. ஒவ்வொரு பேற்றையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும் என்ற விதி எழுத்தறியா மூதாட்டியருக்கு எத்துணைப் பெரிய இடர்!

புதிதாக வருவோர்க்கு 1916இல் பயிற்சிக்காலம் ஆறு மாதமாயிற்று. தாதியர்க்கோ நான்கு மாதமே. 1926இல் அது ஓராண்டாகவும், தாதியர்க்கு ஆறு மாதமாகவும் உயர்ந்தது. சலுகையாகத் தொடங்கிய வழி நாளடைவில் தலைவாயிலாயிற்று. 1980களில் தாதிப் பயிற்சியின்றி நேரே சேர்த்துக்கொண்ட பள்ளி டார்பி நகரில் இருந்த ஒன்றுதான். பிள்ளைகளை வளர்த்தபின் இப்பணிக்கு வர விரும்பியவள், தான் விரும்பாத தாதித் தொழிலை மூன்றாண்டு பயின்று, அதன்மேல் பதினெட்டு மாதம் மகப்பேறு பயில வேண்டியிருந்தது. பேறு என்பது நோயன்று. நோயாளியைப் பேணக் கற்றவளே தாயைப் பேணலாம் என்பது பொருந்தாத வாதம்.

1989இல் அரசு நேரடிப் பயிற்சிக்குப் பொருளுதவி அளித்தது. அடைபட்டிருந்த வாயில் திறந்தது; இன்று பெரும்பாலோர் அவ்வழியே வருகின்றனர். பள்ளிக் கல்வியை இளமையில் இழந்தவர்க்கு நுழைவுப் படிப்பும் உண்டு. எனினும் பயிற்சி பட்டப்படிப்பாகிவிட்டது. 2017இல் இங்கிலாந்து அரசு புதிய மாணவியர்க்கான உதவித்தொகையை நிறுத்திக் கடனை முன்வைத்தது. குடும்பப் பொறுப்புடன் நடுவயதில் வருபவளுக்கு அக்கடன் புதியதொரு தடையாயிற்று. 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவி மீண்டும் வந்தது. கல்விக் கட்டணம் கடனாகவே நின்றது.