கிளாரிந்தா
கிளாரிந்தா என்பது ஆங்கிலத்தில் அருகியே வழங்கும் பெண்பாற் பெயர்களுள் ஒன்றாகும். தமிழகத்தில் இப்பெயர், 18ஆம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையில் வாழ்ந்த மராத்தியப் பிராமணப் பெண்மணி ஒருவரால் அறியப்படுகிறது.

பெயர்த் தோற்றம்

இலத்தீன் மொழியில் "கிளாருஸ்" என்பதற்கு ஒளி பொருந்திய, தெளிந்த, புகழ் பெற்ற என்று பொருள். அதிலிருந்து வந்த கிளாரா என்னும் பெயருடன் "இந்தா" என்னும் ஈறு சேர்ந்து கிளாரிந்தா ஆயிற்று. லூசிந்தா, மெலிந்தா போன்ற பெயர்களிலும் காணப்படும் இவ்வீறு ஓசை நயத்திற்காகவே சேர்க்கப்படுவது. எனவே இது மக்கள் வழக்கில் பிறந்த பெயரன்று. கவிஞர்கள் ஆக்கிய பெயர் எனலாம். எட்மண்டு இசுபென்சர் 1596இல் வெளியிட்ட "தி ஃபேரி குயீன்" காப்பியப் பகுதியில் ரேடிகண்டு அரசியின் தோழி இப்பெயரைக் கொண்டவள். இசுக்காட்லாந்துக் கவிஞர் இராபர்ட் பர்ன்சுக்குக் கடிதங்கள் எழுதிய ஆக்னசு மெக்லிகோசு என்பவரும் 1787-88இல் இதனையே தம் புனைபெயராகக் கொண்டார்.

குளோரிந்தா

தமிழில் இவ்விரு வடிவங்களும் ஒன்றாகவே கருதப்படினும் இவற்றின் மூலம் வேறு. குளோரிந்தா, இத்தாலியக் கவிஞர் தொர்குவாத்தோ தாசோவின் "விடுவிக்கப்பட்ட எருசலேம்" (1581) காப்பியத்தில் வரும் போர்மகளின் பெயர். தன்னை இன்னாள் என்று அறியாது வீழ்த்திய காதலன் கையாலேயே, இறக்கும் தறுவாயில் அவள் திருமுழுக்குப் பெறுகிறாள்.

பாளையங்கோட்டை கிளாரிந்தா

தஞ்சாவூரைச் சேர்ந்த இவரது இயற்பெயர் கோகிலா என்று கூறப்படுகிறது. கணவரை இழந்த இவரை உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி மீட்டதாக மரபுச் செய்தி உண்டு. இவர் அவ்வதிகாரியுடன் பாளையங்கோட்டையில் வாழ்ந்தபோது கிறித்தவத்தைத் தழுவ விரும்பினார். ஆயினும் அவர்கள் மணம் புரியாது வாழ்ந்தமையால் செருமானிய மறைபணியாளர் சுவார்ட்சு (1726-1798) இவருக்குத் திருமுழுக்கு அளிக்க மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பின்னர், 1778இல்தான் அவரே திருமுழுக்கு அளித்தார். கிளாரிந்தா என்பது அப்போது பெற்ற பெயராகும்.

1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் உள்ள 40 பெயர்களுள் முதலில் நிற்பது இவர் பெயரே. திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடக்கமாக இப்பதிவேடு கொள்ளப்படுகிறது. இவர் முயற்சியால் எழுந்த சிற்றாலயம் 1785இல் சுவார்ட்சால் திறந்து வைக்கப்பட்டது.

சபை ஏடுகளில் கிளாரிந்தா என்று எழுதப்பட்டபோதிலும் ஊர்மக்கள் நாவில் அப்பெயர் எளிதில் ஏறவில்லை போலும். அவர்கள் அவ்வாலயத்தைப் "பாப்பாத்தி அம்மாள் கோயில்" என்றே அழைத்தனர். திருமுழுக்கில் பெயர் மாறியும் சாதியைச் சுட்டும் அழைப்பு மாறவில்லை என்பது கருதத்தக்கது.

பெருங்குளத்தில் பிறந்த எழுத்தாளர் அ. மாதவையா (1872-1925), இவரது வாழ்க்கையைத் தழுவி "கிளாரிந்தா" என்ற பெயரிலேயே ஓர் ஆங்கில வரலாற்றுப் புதினத்தை 1915இல் வெளியிட்டார். இப்புதினம் பின்னர்த் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டது.