கேட்டின் இரண்டு முகங்கள்

இங்கிலாந்தின் பழைய ரயில்வே கேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. கம்பத்தில் கீல் மாட்டிய அகன்ற மரக் கதவு அது. ரயில் வரும்போது சாலைக்குக் குறுக்கே நிற்கும்; ரயில் போனதும் 90 பாகை திரும்பித் தண்டவாளத்துக்குக் குறுக்கே நிற்கும். நடுவில் சிவப்பு வட்டத் தகடு, இரவுக்கு ஒரு விளக்கு. சாலைக்காரனைத் தடுத்த அதே சிவப்பு, திரும்பியதும் எஞ்சின் டிரைவரைத் தடுக்கும். ஒரு வழியைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும். இந்தக் கேட்டுகளைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் மரத்தின் அழகையும் வெள்ளைச் சாயத்தையும் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

கதவு சும்மா இருக்கும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? 1839ஆம் ஆண்டுச் சட்டம், சாலையைக் குறுக்கிடும் இடத்தில் ரயில் கம்பெனி கேட் போட வேண்டும், திறந்து மூடத் தகுந்த ஆள் வைக்க வேண்டும் என்றது. அப்போது ஒவ்வொரு பாதைக்கும் பார்லிமெண்டில் தனித்தனிச் சட்டம். கேட் ரயில் பாதைக்குக் குறுக்கேதான் எப்போதும் மூடியிருக்க வேண்டும், ரயில் கடக்கும்போது மட்டும் திறக்கலாம் என்று அவற்றில் பல விதித்திருந்தன. சாலை பழையது, ரயில் நேற்று வந்தது, அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்ற நியாயம். 1842இல் வந்த ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்கிற்று. பாதுகாப்புக்கு உகந்தது இதுவே என்று அனுபவம் காட்டியிருக்கிறது என்ற முகாந்திரத்துடன், கேட் இனிச் சாலைக்குக் குறுக்கே மூடியிருக்கும் என்றது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஊர்ஜிதம் செய்தது. முகாந்திரம் பொய்யல்ல, ஓடி வரும் ரயிலைவிட நடந்து வரும் மாட்டை நிறுத்துவது சுலபம். ஆனாலும் நூற்றாண்டுகளாகத் தடையின்றி நடந்தவன், அன்றிலிருந்து காத்து நிற்கிறவனானான். கேட் சாலைக்குக் குறுக்கே எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி நம் ரயில்வேயின் பொது விதிகளுக்குள்ளும் வந்துவிட்டது. வண்டியை அவிழ்த்துவிட்டு மர நிழலில் உட்காரும் நம்மூர்ப் பொறுமைக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு.

சட்டம் கதவைத் திருப்பியதே தவிர, திருப்பும் கையை அகற்றவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் சின்ன வீடு. பல இடங்களில் தண்டவாளத் தொழிலாளியின் மனைவியே கேட்டைப் பார்த்துக்கொண்டாள்; குடியிருக்கும் வீடே கூலியில் ஒரு பங்கு. ரயில் வருவதை மணி சொல்லும். சிக்னல் பெட்டிகள் தங்களுக்குள் பேசியது மணி அடிகளால்தான். 1 அடி: கவனி. 2 அடி: ரயில் பகுதிக்குள் நுழைந்துவிட்டது. 2 அடித்துச் சற்று நிறுத்தி 1: வெளியேறிவிட்டது. 6 அடி: தடை, ஆபத்து. சில கேட் குடிசைகளில் இந்த உரையாடலை உடனிருந்து கேட்க ஒரு மணி வைத்திருந்தார்கள். டிக்கன்ஸ் 1866இல் எழுதிய ‘சிக்னல் மேன்’ கதையில், வேறு யாருக்கும் கேட்காத மணி ஒருவனுக்கு மட்டும் கேட்கிறது. அதைப் பேய்க் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு மணியை நம்பி அடுத்தவர் உயிருக்குப் பொறுப்பேற்கும் உத்தியோகத்தைப் பற்றிய கதை என்றே எனக்குப் படுகிறது.

ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். 1952இல் யார்க் அருகே வார்ட்ஹில்லில், கதவுக்குப் பதிலாக மேலே தூக்கும் கம்பு வந்தது. 1961இல் ஸ்டாஃபர்ட்ஷயரின் ஸ்பாத்தில் முதல் தானியங்கி அரைக்கம்பு வந்தது. சாலையில் பாதியை மறைக்கும் இதை, வருகிற ரயிலே இயக்கிவிடும், ஆள் தேவையில்லை. இதற்கு முகம் ஒன்றுதான். சாலையை மூடும், ரயிலுக்கு எதிரே ஒருநாளும் நிற்காது. பாதைமேல் என்ன நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1842இல் தொடங்கிய காரியம் இங்கே பூர்த்தியாகிறது.

1968 ஜனவரி 6 அன்று, அதே ஸ்டாஃபர்ட்ஷயரில், ஹிக்ஸன் என்ற ஊர். 120 டன் டிரான்ஸ்ஃபார்மரைச் சுமந்த 148 அடி நீள வண்டி, போலீஸ் துணையுடன், ஊர்ந்து தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி ரயில் வந்து சேர 24 விநாடி. வண்டி கடந்து முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிஷம். மான்செஸ்டரிலிருந்து லண்டன் சென்ற எக்ஸ்பிரஸ் மோதி 11 பேர் இறந்தார்கள். இத்தகைய வண்டி கடக்குமுன் சிக்னல்காரருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதற்கான டெலிபோன் கேட் அருகிலேயே இருந்தது. வண்டியோடு வந்த யாரும் அதைத் தொடவில்லை. பிரையன் கிப்பன்ஸ் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. 1879இல் டே பாலம் இடிந்ததற்குப் பிறகு, ரயில் விபத்து ஒன்றுக்கு அத்தகைய மன்றம் கூடியது அப்போதுதான்.

பழைய கேட்டின் காலம் பொற்காலம் என்று வாதிட நான் வரவில்லை. தூங்கிப்போன கேட்காரர்களும் அவசரத்தில் திறந்துவிட்டவர்களும் அன்றும் உண்டு, அதனாலும் செத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே தவறுவதற்கு ஒரு மனிதன் இருந்தான். பாதைமேல் மாட்டி நிற்கும் வண்டியைக் கண்டு ரயிலுக்குக் கைகாட்டி கொடுக்காமலிருக்கவும் அதே மனிதன் இருந்தான்.

அதே 1968இன் ஜூனில், யார்க்ஷயரின் கீத்லி - வொர்த் பள்ளத்தாக்குப் பாதையை ஆர்வலர்கள் மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். 1970இல் ‘ரயில்வே சில்ட்ரன்’ படம் எடுக்கப்பட்ட ஓக்வொர்த் ஸ்டேஷன் அதில் இருக்கிறது. அங்கே மரக் கேட்டை இன்னும் கையால்தான் திருப்புகிறார்கள். இது ஒரு வகைப் பாதுகாப்பு. இன்னொரு வகை, கேட்டைக் கழற்றித் தோட்டத்தில் நட்டு வைப்பது. ஏலத்தில் எடுத்த மணி மெருகேறி அலமாரியில் இருக்கும். யாரும் அதில் 6 அடி அடிக்கப்போவதில்லை. அடித்தாலும் எந்த ரயிலும் நிற்காது.

மரபைக் காப்பது பற்றி நாமும் ஓயாமல் பேசுகிறோம். நம் கையில் இருப்பது பெரும்பாலும் அலமாரி மணிதான். உளுத்த மரத்துக்குப் புது மரம் போடலாம், கீலையும் மாற்றலாம். ஓக்வொர்த்தில் போய்ப் பார்க்க வேண்டியது, ஓர் ஆள் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைத் திருப்புவதைத்தான். ரயிலுக்கு எதிரேயும் நிற்கக்கூடிய கதவு அது.