கொச்சியின் யூத காந்தி

யூதர்களின் போராட்டம் என்றதும் ஜெர்மனியும் பாலஸ்தீனமும்தான் உடனே நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சிவகிரியில் பஸ் ஏறி தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே கொச்சியில் ஒரு யூத வக்கீல் தன் சொந்த மக்களை எதிர்த்தே சத்தியாகிரகம் செய்திருக்கிறார்.

அவர் பெயர் ஆபிரகாம் பரக் சேலம் (1882 - 1967). பெயரைப் பார்த்து மாம்பழத்துக்குப் பேர்போன ஊர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், அந்த ஊருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!

மலபார் கரையில் யூதர்கள் பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்தவர்கள். 1492-ல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியடித்த பிறகு வேறொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. இவர்களைப் 'பரதேசிகள்' என்றார்கள். நம் ஊரில் அது வசவு, அங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள். மட்டாஞ்சேரியில் 1568-ல் இவர்கள் கட்டிய ஜெபாலயம் இன்றும் இருக்கிறது.

பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து, மதம் மாறி, விடுவிக்கப்பட்டவர்களின் வம்சத்துக்கு 'மெஷுக்ராரிம்' என்று பெயர். விடுதலை பெற்றவர்கள் என்று அர்த்தம். பெயரில்தான் விடுதலை. அதே ஜெபாலயத்தில் இவர்களுக்குச் சமமான இருக்கை கிடையாது. தோராவை வாசிக்க அழைக்க மாட்டார்கள். பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். புதைக்கும் இடம்கூட வேறு. எகிப்தில் தங்கள் முன்னோர் அடிமைகளாக இருந்து மீண்டதை வருடாவருடம் பாஸ்கா பண்டிகையில் நினைவுகூரும் சமூகம் இதைச் செய்தது. ஜாதி என்பது இந்து மதத்தோடு நின்றுவிடும் சமாச்சாரம் இல்லை போலும்.

சேலம் இந்த மெஷுக்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் முடித்தார். இவருக்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டில், இவர்களில் சிலர் பிரிந்துபோய் கோட்டைக் கொச்சியில் தனியாக வழிபாடு நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அது நிலைக்கவில்லை. சேலம் பிரிந்து போகவில்லை. உள்ளே இருந்துகொண்டே சம உரிமை கேட்டார். ஜெபாலயத்தைச் சிலகாலம் புறக்கணித்தார். காந்தியின் ஆயுதத்தைத் தன் சமூகத்துக்குள்ளேயே பிரயோகித்ததால்தான் 'யூத காந்தி' என்ற பெயர் வந்தது.

அந்தக் காலத்தின் காற்றும் அப்படி. 1924-25-ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம். ஈரோட்டிலிருந்து பெரியார் போய் சிறைப்பட்டது நமக்குத் தெரிந்த கதை. 1936-ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த நம் செங்கோட்டைக்கும் அது பொருந்தியது. மட்டாஞ்சேரி ஜெபாலயத்திலும் அந்த 1930-களில்தான் பழைய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கல்யாண விஷயத்தில் மட்டும் பிடிவாதம் தொடர்ந்தது. சேலத்தின் மகன் ஒருவர் பரதேசிப் பெண்ணை மணந்தபோது கொச்சியில் ஏகப்பட்ட எதிர்ப்பு. அதற்குள் நாடு சுதந்திரமே அடைந்திருந்தது.

சேலம் தன் தெருவோடு நின்றுவிடவில்லை. கொச்சி சட்டசபையில் 1925 முதல் 1931 வரையும், பிறகு 1939 முதல் 1945 வரையும் உறுப்பினர். தொழிற்சங்கங்களை ஆதரித்தார். பூரண சுயராஜ்யம் கேட்ட 1929 லாகூர் காங்கிரஸில் கலந்துகொண்டார்.

1933-ல் பாலஸ்தீனம் போய்வந்த பிறகு யூத நாட்டுக் கொள்கையில் பிடிப்பு ஏற்பட்டது. 1950-களில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள். அதற்குப் பாடுபட்டவர்களில் சேலமும் ஒருவர். ஆனால் அவர் மட்டும் போகவில்லை. 1967-ல் சாகும் வரை கொச்சியிலேயே இருந்தார்.